இருப்பதைப் பார்க்கக் கற்றல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல வெவ்வேறு ஊர்களிலிருந்தும் வெவ்வேறு வயதினரிடமிருந்தும் வந்தவை. ஆனாலும் அவை ஒரே கவலையைச் சுற்றியே அமைந்திருந்தன. கையில் உள்ளதை மதிக்கத் தெரியாமல் வாழ்கிறோமோ என்பதே அந்தக் கவலை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எனக்கு வயது 43. கணவருக்கு நிலையான வேலை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். 12 ஆண்டுகளாகச் சொந்த ஃபிளாட்டில் வசிக்கிறோம். ஆனால் என் தங்கை புறநகரில் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்ததிலிருந்து என் வீடு எனக்குக் குறுகலாகத் தெரிகிறது. சமையலறையில் நிற்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் மனம் அடங்கவில்லை. இருப்பதைக் கொண்டு நிறைவடைய உண்மையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?
— ஒரு வாசகி, அம்பத்தூர்

முடியும், சகோதரி. ஆனால் பழமொழியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதால் அது வந்துவிடாது. பழகிப்போன எதையும் பார்க்காமல் கடந்துபோவது மனித மனத்தின் இயல்பு என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். இதில் உங்கள் குணத்தைக் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோன அந்த மாதங்களில், சொந்த வீடும் நல்ல வருமானமும் உள்ள குடும்பங்கள்கூட வேளை கெட்ட வேளையில் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தபோது, சென்னை முழுவதும் அதைப் பற்றியே பேசியது. அந்த நாள்களில் குழாயில் காற்றோடு தண்ணீர் கொப்பளிக்கும் ஓசை கேட்டாலே வீட்டில் இருப்பவர்கள் எழுந்து ஓடினார்கள். பின்னர் மழை வந்தது, ஏரிகளில் நீர் ஏறியது, குழாயில் தண்ணீர் வருவது மீண்டும் வழக்கமாயிற்று. இன்று காலை நீங்கள் குழாயைத் திறந்தபோது அந்தக் கோடை நினைவுக்கு வந்திருக்காது, எனக்கும் வரவில்லை.

வீடும் அப்படித்தான். 1978-இல் பிலிப் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றிய இருவரும், இல்லினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரிடம் பேசினார்கள். நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாடச் செயல்கள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்று கேட்டபோது, பரிசு பெறாதவர்களைவிடக் குறைவாகவே அவர்கள் மதிப்பிட்டார்கள். 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும், ஸ்வீடனில் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த ஆய்வில் பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பல ஆண்டுகளுக்கு உயர்ந்தே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆகவே, பெரிய வீடு எந்த நன்மையும் தராது என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் முன்வரமாட்டேன். உங்கள் தங்கைக்கு அந்த வீடு வசதியைத் தரும். அவர் அதற்காக உழைத்திருக்கிறார். அவரை மனமார வாழ்த்துங்கள்.

உங்களை வருத்துவது வீட்டின் அளவைவிட, அதை எதன் அருகில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதுதான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை ஒளிப்பதிவில் பார்த்து மதிப்பிடச் செய்த ஓர் ஆய்வு 1995-இல் வெளிவந்தது. இரண்டாம் இடம் பெற்று வெள்ளி வாங்கியவர்களைவிட, மூன்றாம் இடம் பெற்று வெண்கலம் வாங்கியவர்களே அதிக மகிழ்ச்சியோடு காணப்பட்டார்கள். வெள்ளி வென்றவர் கைக்கெட்டும் தூரத்தில் தவறிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலம் வென்றவரோ பதக்கமே கிடைக்காமல் போயிருக்கக்கூடும் என்பதை நினைக்கிறார் என்று ஆய்வாளர்கள் அதற்கு விளக்கம் தந்தார்கள். கிரகப்பிரவேசத்திலிருந்து திரும்பிய நாள் முதல் நீங்கள் வெள்ளிப் பதக்கத்தோடு நிற்கிறீர்கள்.

ஒன்று செய்து பாருங்கள். ஒரு மாலையில், அலைபேசியை எட்டத்தில் வைத்துவிட்டு, இந்த ஃபிளாட் உங்களுக்குக் கிடைக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதுங்கள். முன்பணத்துக்கு நகையை அடகு வைக்க நேர்ந்ததா? அப்போது மறுக்காமல் கொடுத்தவர் யார்? வங்கிக் கடன் எந்தக் காகிதத்தில் சிக்கி நின்றது? அதற்கு முன்பு நீங்கள் இருந்த வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்ததா? இரவில் மோட்டார் போடக் கூடாது என்ற கண்டிப்பு இருந்ததா? 'இந்த வீடு எனக்குக் கிடைத்திருக்கிறது' என்று எழுதுவதைவிட 'இது கிடைக்காமல் போயிருக்கலாம்' என்று எழுதுவதே மனத்தை நன்றாக அசைக்கிறது. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாழ்க்கைத் துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, அவரைச் சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதத்தை எழுதியவர்களே தங்கள் உறவில் கூடுதல் திருப்தி கொண்டதாகச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் அதே சமையலறைக்குப் போய் நில்லுங்கள். சுவர்கள் நகர்ந்திருக்காது, ஆனால் அந்த இடம் எப்படி உங்களுடையதாயிற்று என்பது நினைவில் இருக்கும்.

இதற்குப் பிறகும் அந்தச் சமையலறையில் மேடை உயரம் சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால் தயங்காமல் மாற்றி அமையுங்கள். நன்றியுணர்வு உள்ளவர் மேடையைச் சீர்செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

தினமும் படுக்கப்போகும் முன் நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை எழுத வேண்டும் என்று படித்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தொடங்கினேன். முதலில் நன்றாக இருந்தது. இப்போது 'குடும்பம், ஆரோக்கியம், வேலை, நண்பர்கள், உணவு' என்று கடமைக்கு எழுதிவிட்டுத் தூங்குகிறேன். ஒன்றும் உறைப்பதில்லை. இந்தப் பயிற்சியே வீண்தானா?
— மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர், கோயம்புத்தூர்

வீண் இல்லை, எழுதும் முறையை மாற்றினால் போதும். இந்தப் பயிற்சி பரவலாவதற்குக் காரணமான ஆய்வை ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லஃப் ஆகிய இருவரும் 2003-இல் வெளியிட்டார்கள். அதன் முதல் பகுதியில் கல்லூரி மாணவர்கள் வாரம் ஒரு முறை வீதம் 10 வாரங்கள்தான் எழுதினார்கள், தினமும் எழுதவில்லை. தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட, நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். சோனியா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் பின்னர் நடத்திய ஆறு வார ஆய்வில், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. எதைப் பழக்கத்திலிருந்து மீட்க எழுதுகிறோமோ, அந்த எழுத்தே பழக்கமாகிவிட்டால் பலன் போய்விடுகிறது.

ஆகவே வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று ஐந்து எழுத வேண்டாம், ஒன்று போதும். 'குடும்பம்' என்ற சொல்லை எழுதாதீர்கள். 'செவ்வாய்க்கிழமை நனைந்துகொண்டு வந்தேன். நான் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி, இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது' என்று எழுதுங்கள். இந்த மூன்று வரிகளில் ஒருவர் இருக்கிறார், அவர் உங்களுக்காகச் செய்த ஒரு செயல் இருக்கிறது, அதற்காக அவர் பட்ட சிரமமும் இருக்கிறது. நோட்டில் எழுதியதை அந்த வாரத்துக்குள் அம்மாவிடமே சொல்லிவிடவும் வேண்டும். நம் வீடுகளில் பெற்றவர்களுக்கு நன்றி சொல்வது அந்நியம் போலத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். நன்றி என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே, 'அன்னைக்கு நீங்க துண்டு எடுத்துட்டு வந்தது எவ்வளவு இதமா இருந்தது தெரியுமாம்மா' என்று சொல்லலாம். அதுவே போதும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை செய்கிறேன். ஆர்டர் அவசரம் என்றால் இரவு பத்து மணி வரை தைக்கச் சொல்கிறார்கள். அதற்கு உரிய ஓ.டி. சம்பளம் தருவதில்லை. கேட்டால், 'வேலை இல்லாமல் எத்தனை பேர் அலைகிறார்கள், கிடைத்த வேலைக்கு நன்றியோடு இரு' என்கிறார் சூப்பர்வைசர். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். நான் பேராசைக்காரியா?
— ஒரு வாசகி, திருப்பூர்

இல்லை, அம்மா. இதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை.

நன்றி என்பது ஒருவர் நமக்குக் கட்டாயமில்லாமல் செய்த நன்மைக்கு நம் மனம் தானாகத் தரும் பதில். நீங்கள் தைத்த துணிக்கு உரிய சம்பளம் அந்த வகையைச் சேர்ந்ததன்று; அது உங்கள் கணக்கில் வர வேண்டிய தொகை. குறித்த வேலை நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரு மடங்கு ஊதியம் தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இடம்பெற்ற விதி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது தொடர்கிறது. தர வேண்டியதைத் தராமல் வைத்திருப்பவர், தராததைக் கேட்பவரைப் பார்த்து நன்றியில்லாதவர் என்று சொல்வதை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. பெண்களிடமும், கூலி வேலை செய்பவர்களிடமும், பிறர் வீட்டில் அண்டி வாழ்பவர்களிடமும்தான் இந்த அறிவுரை மிகுதியாகச் சொல்லப்படுகிறது. கேட்பவரின் வாயை அடைப்பதற்கு அது மலிவான வழியாக இருக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

எத்தனை மணி வரை தைத்தீர்கள் என்பதைத் தேதியோடு ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். உங்களோடு தைக்கும் மற்றவர்களையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். தொழிற்சங்கத்தினரிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ தனியாகப் போய்ப் பேசாமல் சேர்ந்து போய்ப் பேசுங்கள். நீங்கள் நன்றி பாராட்ட வேண்டியவர்களும் அந்தத் தையல் வரிசையிலேயே இருக்கக்கூடும். ஊசி உடைந்தபோது தன்னிடம் இருந்ததைக் கொடுத்தவரையும், உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது உங்கள் பங்கையும் சேர்த்து முடித்துக் கொடுத்தவரையும் மறக்க வேண்டாம். சூப்பர்வைசர் கேட்கும் நன்றி வேறு, இது வேறு.

ஆசையை விட்டால்தான் மனநிறைவு வரும் என்று எல்லாச் சொற்பொழிவுகளிலும் சொல்கிறார்கள். இரண்டு பெண்களுக்குத் திருமணம் செய்ய வேண்டிய என்னால் ஆசையை எப்படி விட முடியும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

விட வேண்டியதில்லை, ஐயா. திருக்குறளில் அதிகாரங்கள் அமைந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். 'அவா அறுத்தல்' 37-ஆவது அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. 'செய்ந்நன்றி அறிதல்' 11-ஆவது அதிகாரம். அது இல்லறவியலில், 'இனியவை கூறல்' என்பதை அடுத்து வருகிறது. இல்லறத்தானிடம் எதிர்பார்க்கப்படுவது பிறர் பொருளை விரும்பாமையும் பொறாமை இல்லாமையும் நன்றி மறவாமையும்தான். ஆசையை வேரறுக்கும் கடமை துறவியின் பாதையில் வைக்கப்பட்டிருக்கிறது. பெண்களுக்கு நல்ல வாழ்க்கை அமைய வேண்டும் என்று விரும்புங்கள், அதற்காக உழையுங்கள். அந்த உழைப்புக்கு நடுவில், அவர்கள் இருவரும் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கும் இந்த ஆண்டுகளையும் கண் திறந்து பாருங்கள்.

எனக்கு லாரிக்கு பாடி கட்டும் பட்டறை இருக்கிறது. நான் கஷ்டப்பட்டு வளர்ந்தவன்; என் மகனுக்கு எதிலும் குறை வைக்கவில்லை. அவனுக்கு வயது 14. ஒரு வருடம்கூட ஆகாத அலைபேசியை மாற்றித் தரச் சொல்கிறான். சாப்பாட்டுக்கே இல்லாத பிள்ளைகளைப் பார் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது?
— ஒரு வாசகர், நாமக்கல்

சாப்பாடு இல்லாத பிள்ளைகளை எடுத்துக்காட்டாக வைப்பதை முதலில் நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு குழந்தையின் பசியை நம் பிள்ளையின் மனநிறைவுக்குக் கருவியாக்குவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. அதோடு, அப்படிப் பழகும் பிள்ளை, தனக்குக் கீழே யாரோ இருக்கிறார் என்பதில்தான் நிம்மதியைத் தேடும். மேலே ஒருவரைப் பார்த்ததும் அந்த நிம்மதி குலைந்துவிடும். பசித்த பிள்ளையைப் பார்த்தால் உணவு கொடுக்கத்தான் அவனுக்குத் தோன்ற வேண்டும்.

நீங்கள் பட்டறை வைத்திருப்பவர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் உங்கள் பட்டறையில் என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், சுத்தியல், ஸ்பானர் வரை ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிசுக்கைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலையும் பழமும் படைக்கிறீர்கள். புதிதாக வாங்கிய கருவிக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. பிடி தேய்ந்துபோன பழைய சுத்தியலுக்கும் அதே பொட்டுத்தான். துடைக்கும்போது இதை எப்போது வாங்கினோம், இது எத்தனை வண்டிகளுக்கு உழைத்தது என்ற பேச்சு தானாக வருகிறது. இருப்பவற்றை வெளியே எடுத்துக் கையால் தொட்டு மதிக்க ஆண்டில் ஒரு நாளை நம் முன்னோர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றே நான் அந்த விழாவைப் புரிந்துகொள்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மகனை வேடிக்கை பார்க்க விடாமல், துடைக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். அவன் சைக்கிளையும் அலைபேசியையும் அவனே துடைத்துப் பொட்டு வைக்கட்டும். அதற்கு முன்பாகவே, விடுமுறை நாள்களில் அவனைப் பட்டறைக்கு அழைத்துச் சென்று, ஒரு வண்டிக்கு பாடி கட்டி முடிக்க எத்தனை பேர் எத்தனை நாள் உழைக்கிறார்கள், அதில் செலவு போக உங்கள் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டுங்கள். அவனுக்குக் குறை வைக்கக் கூடாது என்ற அன்பினால் இதுவரை அந்தக் கணக்கை அவன் கண்ணில் படாமல் வைத்திருப்பீர்கள். விலை தெரியாத பொருளை அவனால் மதிக்க முடியாது. அலைபேசியின் திரையோ பேட்டரியோ பழுதானால் கடைக்குக் கூட்டிச் சென்று சரிசெய்யுங்கள். பழுது பார்ப்பவரின் கைகளை அவன் அருகில் நின்று பார்க்கட்டும். புதியது எப்போது வாங்கலாம் என்பதையும் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு காலம் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டதே தவறு என்று அவனைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

எல்லாம் இருந்தும் எதிலும் விருப்பம் இல்லை. பல வாரங்களாகச் சரியாகத் தூங்கவில்லை. நன்றியோடு இருக்கப் பழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது முடியாதபோது குற்ற உணர்வு இன்னும் கூடுகிறது.
— பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

நீங்கள் எழுதியிருப்பது நன்றியின்மை அன்று. உடல்நலக் குறைவைப் போலவே கவனிக்கப்பட வேண்டிய ஒரு நிலையாக அது இருக்கலாம். நன்றிப் பயிற்சிகளால் மனச்சோர்வும் பதற்றமும் குறைகின்றனவா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அவற்றின் பலன் சிறிதளவே என்றும், சிகிச்சைக்கு மாற்றாக அவற்றைக் கொள்ள முடியாது என்றும் அது சொல்கிறது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அதற்கு முன்பு யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு வயது 71. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தவிருந்த என்னை, என் தந்தையிடம் வீடு தேடி வந்து பேசி, தேர்வுக் கட்டணத்தையும் தாமே கட்டிப் படிக்க வைத்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இப்போது 90 வயதுக்கு மேல் ஆகிறது என்று கேள்விப்பட்டேன். இத்தனை காலமும் நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. இப்போது போனால் தாமதமாக வந்தவன் என்று நினைக்க மாட்டாரா?
— ஓய்வு பெற்ற வாசகர், தூத்துக்குடி

உடனே புறப்படுங்கள், ஐயா. 2005-இல் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் பல பயிற்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களிடமே மகிழ்ச்சி மிகுதியாக உயர்ந்தது. ஒரு மாதம் கழித்தும் அது தெரிந்தது. ஆனால் உங்கள் மகிழ்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தாம் செய்தது என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்த ஆசிரியருக்கு உண்டு. எத்தனையோ மாணவர்களுக்காக எத்தனையோ வீட்டுப் படிகளை ஏறி இறங்கியிருப்பார். அவற்றில் எது பலித்தது என்பதை யாராவது வந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

போவதற்கு முன்பு ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். அன்று அவர் உங்கள் தந்தையிடம் சொன்ன சொற்களில் நினைவில் இருப்பவற்றையும், கட்டணம் எவ்வளவு என்பதையும், அதற்குப் பிறகு நீங்கள் எந்த வேலைக்குப் போனீர்கள், உங்கள் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். தாமதத்துக்கு ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள். கடிதம் உங்கள் குற்ற உணர்வைப் பற்றியதாக மாறிவிடக் கூடாது. பெரிய எழுத்தில் எழுதுங்கள், அல்லது தட்டச்சு செய்துகொள்ளுங்கள். அவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். அருகில் அமர்ந்து மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். பெயர் நினைவில்லை என்று அவர் சொன்னால் மனம் தளர வேண்டாம். உங்கள் ஊர்ப் பெயரையும், தந்தையின் பெயரையும், வீடு இருந்த தெருவையும் சொல்லுங்கள். வாசித்து முடித்தபின் கடிதத்தை அவர் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும்.

முதலில் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, அவர் விழித்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வாரத்திலேயே அதைச் செய்யுங்கள்.